அன்று மழை பெய்ததா?

அன்பு மகளுக்கு,

"எழுதியதையெல்லாம் கொடு அம்மா, புத்தகமாகப் போட்டுவிடலாம்" என்று நேற்று தொலைபேசியில் கேட்டாய். ஆசையில் கேட்டாய், தெரியும். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த நோட்டில் பாதி கிறுக்கல், மீதி அடித்தல். அதை அச்சில் ஏற்றி யாருக்கு என்ன ஆக வேண்டும்?

உன் அப்பா போன பிறகு, தூக்கம் வராத இரவுகளில் தொடங்கியது இது. முதலில் வெறும் புலம்பல்தான். நாலு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே அலுத்துவிட்டது. அப்புறம் ஒரு நாள், அவர் செருப்பைக் கழற்றும் விதத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். குனிய மாட்டார். இடது காலால் வலது செருப்பின் பின்பக்கத்தை மிதித்து உருவிவிடுவார். அது சுவரில் போய் மோதும். அந்தச் சத்தத்துக்குச் சொல் தேடியே காலைப் பொழுது போய்விட்டது. 'தொப்' இல்லை, 'சடக்' இல்லை. கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

சொன்னதையே சொல்கிறேன் என்று சிரிப்பாயே, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பலரும் நினைத்திருந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் அதை மறுத்து எழுதினார். வாழ்ந்ததை எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் இயல்பான வேலை அது என்றார். சிலருக்கு அதில் நிம்மதி கிடைக்கும், சிலரைக் குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். எனக்கு இரண்டும் ஆயிற்று, சில நாள் ஒரே பக்கத்தில்.

உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை வார இதழில் தொடராக எழுதத் தொடங்கியது 1940-ல், 85 வயதை நெருங்கும்போது. 1942-ல் காலமானார்; தொடர் முடியவில்லை. 'ஐயோ, முடிக்காமல் போய்விட்டாரே' என்று முன்பு வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது பொறாமையாக இருக்கிறது. கடைசிவரை அவருக்கு அடுத்த வாரத்துக்கு எழுத ஏதோ இருந்திருக்கிறது!

நான் காலையில் ஒரு மணி நேரம்தான் எழுதுகிறேன். விரல் மரத்துவிட்டால், வாக்கியம் பாதியில் இருந்தாலும் மூடி வைத்துவிடுவேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கவலை இல்லை பார்.

இந்த வாரம், உன்னை விடுதியில் விட்டுவிட்டு வந்த நாளை எழுதினேன். கொட்டுகிற மழை, நனைந்துகொண்டே திரும்பினேன் என்று இரண்டு பக்கம் ஓடிவிட்டது. பிறகு அன்று எடுத்த புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். பெட்டியோடு நீ நிற்கிறாய். உன் நிழல் தரையில் கறுப்பாக விழுந்திருக்கிறது. நல்ல வெயில்.

அந்த இரண்டு பக்கத்தை அடிக்க மனம் வரவில்லை. உனக்கு என்ன நினைவிருக்கிறது? தொலைபேசியில் சொல்லாதே. எழுதி அனுப்பு.

அம்மா