ஒரே கம்பெனி, ஒரே பிளக், உள்ளே வேறு வயரிங்: எரிந்துபோன மூன்று டிஸ்க்குகள் குறித்த புகார்

அனுப்புநர்:
டி.டி.பி. மற்றும் அழைப்பிதழ் நிலைய உரிமையாளர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் 650 வாட் மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும்) எஸ்.எம்.பி.எஸ்.-இல் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) உங்கள் கம்பெனியின் பழைய கேபிளைச் செருகியதால் டிஸ்க்குகள் எரிந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக டி.டி.பி. சென்டர் நடத்தி வருகிறேன். உங்கள் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று என் கம்ப்யூட்டரில் ஏழு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஃபேன் சத்தம் போட ஆரம்பித்ததும் வேறு கம்பெனி பக்கமே போகாமல் உங்களுடையதையே மறுபடி வாங்கினேன்.

மாட்டிக் கொடுத்தது எங்கள் தெருவில் சர்வீஸ் செய்யும் தம்பி. மதர்போர்டுக்கும் பிராசஸருக்கும் பெட்டியில் வந்த புதுக் கேபிள்களைத்தான் போட்டார். டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிள் மட்டும் கேபினட்டின் பின்பக்கம் டேக் போட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தது. ஒரு எஸ்.எஸ்.டி. (மோட்டார் இல்லாத சிப் டிஸ்க்), இரண்டு ஹார்ட் டிஸ்க், மூன்றுக்கும் அந்த ஒரே கேபிள். "அண்ணே, கம்பெனியும் அதே, பிளக்கும் அதே, இதைப் பிரிக்க வேண்டாமே" என்றார். நானும் சரி என்றேன். ஆறு முள் பிளக் உங்கள் புது சாக்கெட்டில் க்ளிக் என்று உட்கார்ந்தது. தாழ்ப்பாள்கூடச் சரியாக விழுந்தது.

சுவிட்ச் போட்டதும் ஃபேன் சுற்றியது. இரண்டு மூன்று விநாடிதான், வார்னிஷ் கருகுகிற மாதிரி வாடை. தம்பி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். அதற்குள் மூன்று டிஸ்க்கும் போய்விட்டன.

என்ன நடந்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எல்லா டிஸ்க்கையும் கழற்றி வைத்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மட்டும் மேஜையில் வைத்து, 24 முள் பிளக்கில் தாழ்ப்பாள் பக்கத்து வரிசையில் நான்காவது முள்ளையும் பக்கத்து கிரவுண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, மதர்போர்டு இல்லாமலே ஓட விட்டோம். மல்டிமீட்டரை டி.சி. 20-இல் வைத்து, பழைய கேபிளின் நுனியில் இருக்கும் நாலு முள் மொலெக்ஸ் பிளக்கில் அளந்தோம். அந்தக் காலக் கலர் வயர்களில் மஞ்சள் என்றால் 12 வோல்ட், சிவப்பு என்றால் 5 வோல்ட். இப்போது நீங்கள் கொடுப்பது எல்லாமே கறுப்பு. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் 5.0 காட்டியது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் 12.1. பெட்டியில் பிரிக்காமல் கிடந்த புதுக் கேபிளைப் போட்டு அதே இடங்களை அளந்தோம், 12.1, 5.0 என்று வர வேண்டியபடி வந்தது.

எஸ்.எஸ்.டி. 5 வோல்ட்டில் ஓடுவது. ஹார்ட் டிஸ்க்கில் மோட்டாருக்கு 12, போர்டுக்கு 5. அந்த 5 வோல்ட் கம்பியில் 12 வந்தால் போர்டு என்ன ஆகும்? ஷார்ட் ஆகியிருந்தால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ். தானே நின்றிருக்கும். இது ஷார்ட் இல்லையே, யாரோ கரண்ட் கேட்கிறார்கள் என்று நினைத்து அது கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கேபிளில் மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் போகும் நுனியில் உள்ள பிளக்குகள் எல்லாம் யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையிலிருந்து வந்த பழக்கம் அது. கேபிளின் மறு நுனி போய்ச் சேரும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். சாக்கெட்டுக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட வேறு என்பது எனக்கு இதற்கப்புறம்தான் தெரிந்தது. உங்களுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். உள்ளே வயர் வரிசையை மாற்றிய நீங்கள் பிளக்கின் வடிவத்தை ஏன் மாற்றவில்லை? பழையது நுழையாதபடி ஓர் ஓரத்தைச் சதுரமாக்கியிருந்தால் போதுமே!

உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தேன். "தவறான கேபிள் பயன்பாடு, வாரண்டி பொருந்தாது" என்று பதில். எங்கே எச்சரித்தீர்கள் என்று கேட்டதற்குக் கையேட்டைப் பார்க்கச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. பெட்டி மேல் இல்லை. கை போகும் சாக்கெட் பக்கத்திலும் இல்லை.

என்ன போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் நகரத்தார் வீட்டுப் பத்திரிகை என்றால் எந்த ஊர், எந்தக் கோவில், என்ன விலாசம், பெரியவர்கள் பெயர் எந்த வரிசை என்று அத்தனையும் சரியாக இருக்க வேண்டும். இளையாற்றங்குடியா, மாத்தூரா என்பதில் தப்பு வந்தால் அச்சடித்த கட்டு அப்படியே திரும்பி வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் சரிபார்த்து வைத்த ஃபைல்கள் என்னிடம் இருந்தன. மகன் கல்யாணத்துக்கு அடித்தவர்கள் பேத்தி கல்யாணத்துக்கும் என்னிடம் வருவது அதனால்தான். நகலை இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். அதுவும் அதே கேபிளில்.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார்கள். "தம்பி, போன தடவை போட்டது மாதிரியே போட்டுருப்பா" என்றார்கள். இல்லை ஆச்சி, எல்லாம் போய்விட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்புறம் அவர்களே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மாமனாரின் ஐயா வரைக்கும் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒன்றரை மணி நேரம். அவர்களுக்கு நினைவிருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஓர் ஆச்சி இருப்பார்கள் என்று என்ன நிச்சயம்?

டேட்டா மீட்பவர்களிடம் சென்னையில் விசாரித்தேன். ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் அதே மாடல் போர்டு தேடி, பழைய போர்டின் ரோம் (ROM) சிப்பை அதில் மாற்றி வைத்துப் பார்க்கலாம், 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எஸ்.எஸ்.டி.-க்குக் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த 38,000 ரூபாயையும் மூன்று டிஸ்க்கின் விலையையும் நீங்கள் தர வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84-ஆம் பிரிவில், சரியாகப் பயன்படுத்தும் முறையையோ தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையையோ போதுமான அளவு தராத தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்று இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை வேண்டாம் என்று 87-ஆம் பிரிவைக் காட்டுவீர்கள். க்ளிக் என்று உட்காரும் பிளக்கில் என்ன ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது?

பணத்தைவிட எனக்கு முக்கியமானது ஒன்று. சாக்கெட்டுகள் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதை உரித்தால்தான் கேபிள் செருக முடியும் என்று இருக்கட்டும். "இந்தப் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டுமே போடவும், எங்கள் பழைய மாடல் கேபிளும் கூடாது" என்று தமிழிலும் எழுதுங்கள். எங்கள் தெருத் தம்பி இந்த வேலையில் கெட்டிக்காரர், பொறுப்பானவர். இப்போது ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். அவர் மேல் நான் பழி போடவில்லை, நீங்களும் போடக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். எரிந்த டிஸ்க்குகள், பழைய கேபிள், புதுக் கேபிள் எல்லாவற்றையும் தனித்தனி உறையில் பெயர் எழுதிக் கடையில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எப்போது வந்தாலும் அவர் முன்னாலேயே மறுபடி அளந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. நிலைய உரிமையாளர்,
காரைக்குடி.

இணைப்பு: ரசீது நகல், மல்டிமீட்டர் அளவுகளின் படங்கள், கையேட்டின் கடைசிப் பக்கம்.