ஐந்தாம் பக்கமும் ஆறாம் பக்கமும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அத்தையின் முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை. உன் ஆய்வேட்டுக் கோப்பு வந்து சேர்ந்தது. மின்னஞ்சலில் "அம்மா" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு ஒரு வரிக் கட்டளை மட்டுமே இருந்ததைப் பார்த்து, பெங்களூரில் நலம் விசாரிக்கவும் நேரமில்லாத அளவுக்கு வேலை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

கட்டளையில் குறையொன்றும் இல்லை. எல்பி என்ற அச்சுக் கட்டளையில் தொடங்கி, எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று சொல்லும் சிறுகோடும் பெரிய பி எழுத்தும் இட்டு, 1-4,7-226 என்று எழுதியிருக்கிறாய். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக்கூடாது என்பதையும் மறக்கவில்லை. நம் அச்சுக் கடைக்கு வரும் பிள்ளைகள் அழகாக இருக்கட்டும் என்று அங்கே இடம் விட்டு எழுதிக் கொடுப்பார்கள். இடைவெளிக்குப் பின்னால் வரும் எண்ணைக் கணினி ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். எல்பிஆர் என்ற இன்னொரு அச்சுக் கட்டளையில் அதே பெரிய பி அச்சுப்பொறியின் பெயரைக் குறிக்கும் என்பதையும், எல்பியில் அதற்குச் சின்ன டி என்பதையும் நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன அட்டையைப் பார்த்துத்தான் அவர்களுக்கு விளக்குகிறேன். கடைக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை நீ வைத்தபோது அப்பா எவ்வளவு கோபித்தார் என்பது உனக்குத் தெரியும். இன்று திருவல்லிக்கேணியில் இந்த வேலையைக் கறுப்புத் திரையில் செய்து கொடுக்கும் கடை நம்முடையது என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். என் மகன் கற்றுக்கொடுத்தது என்று நானும் சொல்லிக்கொள்கிறேன். கற்றுக்கொடுத்தவன்தான் தொலைபேசியை எடுப்பதில்லை.

உன் வழிகாட்டிக்குத் தனியாகக் கேட்டிருந்த மூன்றாம் அத்தியாயத்திற்கு 41-58 என்று குறித்திருந்தாய். அவை தாளின் அடியில் அச்சாகும் எண்கள். முன்பக்கங்கள் பன்னிரண்டும் ரோமன் எண்களில் இருப்பதால், கோப்பின் வரிசைப்படி அந்த அத்தியாயம் 53-70. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள் தாளின் அடியில் உள்ள எண்ணைப் படித்துப் பார்ப்பதில்லை, முதல் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போகிறது. ஆகவே மாற்றித்தான் அச்சிட்டேன். லேட்டெக் என்ற ஆவண மென்பொருளில் உருவான கோப்புகளை அச்சுக்கு ஏற்ப மாற்றும் டிவிஐபிஎஸ் வேறு மாதிரி. அங்கே சின்ன பி போட்டு 5 என்றால், ஆவணமே தனக்கு இட்டுக்கொண்ட எண்களில் முதலில் வரும் 5 எதுவோ அதிலிருந்து தொடங்கும். ரோமன் ஐந்தும் அதற்கு ஐந்துதான். வரிசைப்படி வேண்டுமென்றால் எண்ணுக்கு முன்னால் சமக்குறி இட வேண்டும். கணிதத் துறை ஆசிரியர்களின் லேட்டெக் கோப்புகளை அச்சிட்டு அச்சிட்டே இதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கின்படி உன் கட்டளையில் விடுபடும் இரண்டு பக்கங்கள் ரோமன் ஐந்தும் ஆறும், அதாவது நன்றியுரை. யார் கோப்பு வந்தாலும் அச்சிடுமுன் ஒருமுறை முழுவதும் புரட்டிப் பார்ப்பது நம் கடை வழக்கம் என்பது உனக்குத் தெரியாததல்ல. பெரிய பி பக்கங்களைக் காகிதத்தில்தான் தவிர்க்கும். முழுக்கோப்பும் அப்படியே அச்சு வரிசைக்குப் போய், அதன் பிறகுதான் வடிகட்டி என்ற நிரல் பக்கங்களைப் பொறுக்கி எடுக்கிறது. எனக்கு அனுப்பிய கோப்பில் அந்தப் பக்கங்கள் இருக்கவே கூடாது என்று நீ நினைத்திருந்தால், பிடிஎஃப் கோப்பின் பக்கங்களைப் பிரித்தெடுக்கும் க்யூபிடிஎஃப்பில் பேஜஸ் என்ற விருப்பத்துக்குப் பின் 1-4,7-இசட் என்று கொடுத்துப் புதிய கோப்பாக எழுதி அனுப்பியிருக்கலாம். இசட் என்றால் கடைசிப் பக்கம் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான்.

நன்றியுரையின் முதல் வரியில் இருந்த பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. பெயரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆனால் மூன்றாவது வரியில் அப்பாவையும் அதற்கு அடுத்த வரியில் என்னையும் எழுதியிருக்கிறாய். முதல் வரியை மறைப்பதற்காக அவற்றையும் சேர்த்து மறைத்துவிட்டாயே என்பதுதான் எனக்கு வருத்தம். அப்பாவைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு வரியை அவர் படித்திருக்க வேண்டும்.

தவிர, தேர்வாளர் கண்ணில் படாமல் இது போகாது. பொருளடக்கத்தில் நன்றியுரை ஐந்தாம் பக்கம் என்று அச்சாகியிருக்கிறது. நான்குக்குப் பிறகு ஏழு வந்தால், பைண்டிங்கில் தாள் விடுபட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பழி கடைக்கு வரும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் மூலக் கோப்பிலேயே எடுத்து, பொருளடக்கத்தையும் மறுபடி உருவாக்கி அனுப்பு. மெய்ப்புப் படிக்கத் தாளை மிச்சப்படுத்த நினைத்து ஒரு பக்கத்தில் இரண்டை அடக்கும் நம்பர்-அப் விருப்பத்தையும் இதோடு சேர்த்துவிடாதே. அப்போது பெரிய பிக்குப் பின்னால் வரும் எண்கள் அச்சாகி வெளிவரும் பக்கங்களைக் குறிக்கும் என்று கப்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. 5-ஐ விட்டால் கோப்பின் ஒன்பதாம், பத்தாம் பக்கங்கள் விடுபட்டுப் போய்விடும். எதை விட நினைத்தாயோ அது மூன்றாவதாக வந்து நிற்கும்.

ஆண்டர்சன் தெருவிலிருந்து 100 ஜிஎஸ்எம் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்திலிருந்து எல்லாப் பிரதிகளும் அச்சாகித் தயாராக உள்ளன. நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் அதிகம் விழிக்காதே, எண்களை எழுதிய பிறகு மறுபடியும் ஒருமுறை சரிபார். முன்பக்கங்களுக்கு 1-4 என்று கொடுப்பதா, 1-6 என்று கொடுப்பதா என்பதை மட்டும் தொலைபேசியில் சொல். பைண்டரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மாடி அறையை ஒழித்து வைக்க எனக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா