பூட்டிக் கிடக்கும் பூங்கா இடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கோரும் மனு

விடுநர்:
கல்லூரி மாணவி, ஓசூர் புறநகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி.

பொருள்: பூங்கா இடத்தைத் திறத்தல், பகுதிநேர நூலகம் அமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பெற்றோர் இருவரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். பாட்டியும் சித்தப்பா பிள்ளைகளும் நிறைந்த வீட்டிலிருந்து ஆறு வயதில் இந்த மனைப்பிரிவுக்குக் குடிவந்த எனக்கு, கழுத்தில் கயிற்றில் கோத்த சாவியும், மாலை நான்கு மணி முதல் அம்மா கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் ஏழு மணி வரை ஆளில்லாத வீடுமே பழக்கமாயின. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருந்தும், 'கேட்டைத் தாண்டாதே' என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்ததால், எதிர்வீட்டுப் பெண்ணின் பெயரே எனக்கு எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது.

இப்போது என் தம்பிக்கு ஒன்பது வயது. காம்பவுண்டு சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைத் தானே அடித்து, இரண்டு அணிகளுக்கும் தானே நோட்டில் ரன் எழுதுகிறான். எடுத்துப் பார்த்தேன், அணிக்குப் பதினொரு பெயர் வீதம், எல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள். பெற்றோரைக் குறை சொல்ல மனமில்லை. இருவர் சம்பளமும் சேர்ந்தால்தான் வீட்டுக் கடன் தவணை கட்ட முடிகிறது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பிரிவில் அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட இடம் கம்பிவேலிக்குள் பூட்டப்பட்டு, உண்ணிச்செடி மண்டிப் பாம்பு அடைகிற இடமாகிவிட்டது. நேரில் கேட்டபோது, நிதி வந்ததும் பார்க்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. சொத்து வரியுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் செலுத்துகிறோம்; ஆனால் அருகிலுள்ள நூலகத்துக்குப் போக, சிறுவர்கள் தனியே தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும்.

எனவே, புதரை அகற்றி, ஒரு விளக்கு போட்டு, நாள்தோறும் மாலை 4 முதல் 7 மணி வரை அந்த இடத்தைத் திறந்துவைக்கவும், அதன் ஓரத்தில் ஒரு பகுதிநேர நூலகம் அமைக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊஞ்சலும் சறுக்கு மரமும் பிறகு வந்தால் போதும். சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள எங்கள் தெருப் பெரியவர்கள் இருவர் சம்மதித்துள்ளனர். மனைப்பிரிவு வரைபடம், வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மனுதாரர்