கடைசிப் படுக்கையருகே உட்காரப்போகும் மகனுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நண்பனின் அம்மாவுக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள், அவன் உன்னிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான், அவர்கள் சபை வேறு நம் சபை வேறு என்பதால் வாய் திறக்கத் தயங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

அவர்கள் கத்தோலிக்கர், நாம் புரொட்டஸ்டண்டு சபையார். பங்குத்தந்தையை இப்போதே கூப்பிடச் சொல். கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் சாமியார் வரவேண்டும் என்று பல குடும்பங்கள் காத்திருந்து, கிடைத்திருக்கவேண்டியதை இழந்துவிடுகின்றன. நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை அவர்கள் திருச்சபை 1972-இலேயே மாற்றிவிட்டது. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே கொடுக்கலாம். நோய் முற்றினால் மறுபடியும் கொடுக்கலாம். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். யாக்கோபு 5:14தான் அதற்கு அடிப்படை. அதைக் குருவானவர் மட்டுமே கொடுக்க முடியும், குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர்கூட முடியாது.

நினைவு இருக்கும்போது அவர் வந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு பூசுதல், முடிவில் வழியுணவாக நற்கருணை அப்பம். இறப்பவர்களுக்குரிய கடைசி அருட்சாதனம் இந்த நற்கருணைதான், எண்ணெய் அல்ல. நினைவு தப்பிவிட்டால் பாவ அறிக்கை செய்ய முடியாது, விழுங்க முடியாவிட்டால் அப்பம் வாங்க முடியாது. பூசுதல் மட்டும்தான் மிஞ்சும். அப்பத்தை விழுங்கமுடியாத நிலை வந்தால் மிகச் சிறிய துணுக்கு கொடுப்பார்கள், அல்லது இரசத்தில் சில துளிகள். இதைக் குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உயிர் பிரிந்தது உறுதியான பிறகு பூசுதல் கொடுக்கமாட்டார்கள், இறந்தோருக்கான ஜெபம்தான் சொல்வார்கள். பிரிந்ததா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் கொடுப்பார்கள். ஆகவே தாமதமாகிவிட்டதே என்று நினைத்துக் கூப்பிடாமல் இருந்துவிடவும் கூடாது.

இப்போது அவன் கேட்ட பெரிய கேள்வி. அம்மா கண்மூடியதும் நேரே தேவனிடம் போவார்களா, கடைசி நாள்வரை தூங்குவார்களா?

கிறிஸ்தவ நம்பிக்கையில் மரணத்துக்குப் பின் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிக் கேள்விகள் எழுகின்றன. முதல் கட்டம், இறந்த உடனே. சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். பவுல் சிறையிலிருந்து எழுதும்போது, தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பது அதிக நன்மை என்கிறார். சரீரம் மண்ணில் கிடக்கும், ஆள் கிறிஸ்துவிடம் இருப்பார். இரண்டாம் கட்டம், கிறிஸ்து திரும்ப வரும்போது. அன்றைக்கு அந்தச் சரீரமே உயிரோடு எழுப்பப்படும், நியாயத்தீர்ப்பு நடக்கும், எல்லாம் புதிதாகும். விசுவாசப் பிரமாணத்தில் நாம் வாரந்தோறும் சொல்லும் "சரீரம் உயிர்த்தெழுதல்" இந்த இரண்டாவதுதான். அதில் ஆத்துமா பரலோகம் போவதைப் பற்றித் தனியாக ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருக்கிறாயா? ஆதிச் சபை தன் பாரம் முழுவதையும் உயிர்த்தெழுதலின்மேல்தான் வைத்தது.

தூங்குவது என்ற பேச்சும் வேதத்தில் உண்டு. ஸ்தேவான் நித்திரையடைந்தான், லாசரு நித்திரையடைந்திருக்கிறான், மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்று பிரசங்கி 9:5. இந்த வசனங்களை நேரடியாக எடுத்துக்கொண்டு, உயிர்த்தெழும்வரை எந்த உணர்வும் இல்லை என்று அட்வெந்து சபையார் போதிக்கிறார்கள். அவர்களை வேதம் படிக்காதவர்கள் என்று தள்ளிவிடாதே, படித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலான சபைகள் அந்த நித்திரையைச் சரீரத்துக்கு உரியதாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 1534-இல், இளம் வயதிலேயே, ஆத்துமா தூங்குகிறது என்ற போதனையை மறுத்துத் தனி நூலே எழுதினார். 1646-இல் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஆத்துமாக்கள் சாவதும் இல்லை தூங்குவதும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே கேள்வி பெரிய கலக்கம் உண்டாக்கியது. பாப்பரசர் 22-ஆம் யோவான் 1331-இல், பரிசுத்தவான்கள்கூடக் கடைசித் தீர்ப்புக்கு முன்னால் தேவனை முகமுகமாய்க் காணமாட்டார்கள் என்று பிரசங்கித்தார். வேதவல்லுநர்கள் எதிர்த்தார்கள். 1334-இல் மரணப் படுக்கையில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின் வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-இல், சுத்திகரிப்புத் தேவைப்படாத ஆத்துமாக்கள் உடனே தேவனைக் காண்கின்றன என்று தீர்மானமாக வரையறுத்தார். ஆகவே நண்பனிடம் தயங்காமல் சொல்: உன் சபையும் என் சபையும் இந்த இடத்தில் ஒன்றுதான், உன் அம்மாவைக் கிறிஸ்து தம்முடைய கையைவிட்டு ஒரு நாளும் விடமாட்டார்.

உயிர்த்தெழுதல் என்றால் என்ன என்று அவன் கேட்டால் யோவான் சுவிசேஷத்தில் இரண்டு கல்லறைகளைக் காட்டு. 11-ஆம் அதிகாரத்தில் லாசரு வெளியே வருகிறான். நாலு நாளாயிற்று, நாறுமே என்று மார்த்தாள் தடுத்த உடல். கை கால் பிரேதச் சீலையால் கட்டியிருக்கிறது, முகத்தில் சீலை சுற்றியிருக்கிறது. கட்டவிழ்த்துவிட வேறு ஆள் வேண்டியிருக்கிறது. அவன் பழைய வாழ்வுக்கே திரும்பினான், மறுபடியும் ஒரு நாள் செத்திருப்பான். 20-ஆம் அதிகாரத்தில் பேதுரு உள்ளே போகிறான். சீலைகள் அங்கேயே கிடக்கின்றன, தலையில் சுற்றியிருந்த சீலை தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவிழ்த்துவிட ஒருவரும் வரவில்லை. இந்தச் சரீரம் இனி சாகாது. ஆனாலும் அது ஆவியும் அல்ல: பூட்டிய கதவுக்குள் வந்து நின்றவர்தான் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டார், ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதே ஆள், அதே காயங்கள், வேறு விதமான உயிர். பவுல் 1 கொரிந்தியர் 15-இல் விதை, பயிர் என்று சொல்வது இந்த உறவைத்தான். கிறிஸ்துவை அவர் முதற்பலன் என்கிறார். அந்த அம்மாவுக்கும் அதே அறுவடையில் பங்கு உண்டு.

இறந்தவர்கள் தேவதூதர்களாகிறார்கள் என்பதற்கு வேதத்தில் இடமே இல்லை. தூதர்கள் வேறு படைப்பு. மறுபிறப்பும் இல்லை, எபிரெயர் 9:27 ஒரேதரம் மரிப்பது என்று முடித்துவிடுகிறது. அப்பாவைச் சந்திப்பார்களா என்று அவன் கேட்டானே, ஆம் என்று சொல்லலாம், பெரும்பாலும் எல்லாச் சபைகளும் அப்படித்தான் நம்புகின்றன. உயிர்த்தெழுதலில் கொள்வனை கொடுப்பனை, அதாவது கல்யாணம், இல்லை என்று ஆண்டவர் சொன்னது உண்மை, ஆனால் அன்பு அறுந்துபோகும் என்று அவர் சொல்லவில்லை.

நாமும் அவர்களும் பிரிவது உத்தரிக்கிற ஸ்தலத்தில்தான். அவர்கள் போதனையைச் சரியாகத் தெரிந்துகொண்டு பேசு. அது பரலோகத்துக்கும் நரகத்துக்கும் நடுவே உள்ள மூன்றாவது முடிவு அல்ல, செத்தபின் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பும் அல்ல. தேவனோடு ஒப்புரவாகி இறந்தவர்கள்மட்டும், அவர் முன்னால் நிற்பதற்குமுன் சுத்திகரிக்கப்படுகிறார்கள். அங்கே போன எல்லாரும் பரலோகம் சேர்வது நிச்சயம். 1274-இல் லியோன், 1439-இல் புளோரன்ஸ், 1563-இல் திரெந்து ஆகிய இடங்களில் கூடிய அவர்கள் திருச்சபைச் சங்கங்கள் இதை வரையறுத்தன. எத்தனை நாள், எத்தனை வருடம் என்று எதுவும் வரையறுக்கவில்லை. வீண் ஆவலையும் மூடநம்பிக்கையையும் கிளப்பும் பேச்சையும், பண ஆசையின் வாடை வீசும் காரியங்களையும் திரெந்து சங்கமே தடை செய்தது. ஆகவே இத்தனை திருப்பலிக்கு இத்தனை வருடம் குறையும் என்று எவராவது கணக்குச் சொன்னால், அது அவர்கள் திருச்சபையின் போதனை அல்ல.

இறந்தோருக்காக ஜெபிப்பதற்கு அவர்கள் காட்டும் பகுதி 2 மக்கபேயர் 12. நம் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை, சச்சரவின் வேர்களில் அது ஒன்று. கிறிஸ்துவின் பலி முழுமையானது, அதற்குமேல் சுத்திகரிப்பு வேண்டியதில்லை என்று நம் முன்னோர் நின்றார்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் அந்த வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது நீ எழுந்து வெளியே போகாதே. பக்கத்தில் உட்கார்ந்து, துக்கப்படுகிறவர்களுக்காக உன் மனதுக்குள் ஜெபி. விவாதத்துக்கு வேறு நாள் கிடைக்கும்.

அவர்கள் வீட்டில் ஞானஸ்நானம் பெறும் முன்னே இறந்த குழந்தை ஒன்று உண்டு, அந்தத் தாய்க்கு இன்னும் அந்தக் கவலை என்றாய். அப்படிப்பட்ட குழந்தைகள் பரலோகம் சேராமல் தங்கும் லிம்போ என்ற இடம் உண்டு என்று பழைய ஆட்கள் சொல்வது ஒருபோதும் அவர்கள் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று அவர்களுடைய சர்வதேச இறையியல் குழுவே 2007-இல் எழுதியது. இதைக் குருவானவர் வாயால் கேட்டால் அந்த அம்மா இன்னும் ஆறுதலடைவார்கள். அவர் வரும்போது நினைவூட்டு.

தகனம் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறான். கத்தோலிக்கருக்கு 1963 முதல் அனுமதி உண்டு, அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. உயிர்த்தெழுதலை மறுப்பதற்காகச் செய்தால் மட்டும் அனுமதி இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் தகனத்தை ஏற்பதில்லை. எரித்தால் எழும்ப முடியாதோ என்ற பயம் இருந்தால் லுக்டூனம் (இன்றைய லியோன்) நகரத்து இரத்தசாட்சிகளைச் சொல்லு. கி.பி. 177-இல் அவர்களைக் கொன்றவர்கள், இவர்களுக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கையே இருக்கக்கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் வாரிவிட்டார்கள். சபை ஒரு நாளும் அவர்கள் எழும்பமாட்டார்கள் என்று நினைத்ததில்லை. மண்ணிலிருந்து உண்டாக்கினவருக்குச் சாம்பல் ஒரு தடையா?

சிக்கல் வருவது சாம்பலில்தான். 2016-இல் வந்த வத்திக்கான் அறிவுரைப்படி சாம்பலைக் கல்லறையிலோ ஆலயத்துக்குரிய பரிசுத்த இடத்திலோ வைக்க வேண்டும். தூவக் கூடாது, பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, நகைக்குள் அடைக்கக் கூடாது. வாழ்ந்த மனிதருக்கு முக்கியமான ஓரிடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கலாம் என்று 2023-இல் சற்றுத் தளர்த்தினார்கள், அதற்கும் திருச்சபை அதிகாரியின் அனுமதி வேண்டும். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பங்கு என்று பேசிவைத்துவிட்டு அடக்க நாளில் குருவானவரோடு மோதுவதைவிட, இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

படுக்கையருகே உட்காரும்போது குறைவாகப் பேசு. மயக்கத்திலும் காது கேட்கக்கூடும் என்று எண்ணியே பேச வேண்டும்; சொத்து, செலவு, அடக்கம் எல்லாம் அறைக்கு வெளியே. சங்கீதம் 23 ஆறே வசனம், நிறுத்தி நிறுத்தி வாசி. யோவான் 14-இல் முதல் மூன்று வசனங்கள் போதும். வெளிப்படுத்தலைத் திறக்காதே, திறந்தால் 21-ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களோடு நிறுத்து. ஆயிரவருட அரசாட்சியைப் பற்றிய தர்க்கம் அந்த அறைக்கு வேண்டாம். மூச்சு வாங்கும் வேளையில் நீண்ட ஜெபம் பாரமாகும். ஆண்டவர் கடைசியாகச் சொன்ன சங்கீதம் 31:5, "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்", காதருகே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். குருவானவர் வந்து சேராவிட்டாலும் இறப்பவரைத் தேவனிடம் ஒப்படைக்கும் ஜெபத்தை எந்த விசுவாசியும் நடத்தலாம், அவர்கள் முறையிலும் அது உண்டு.

நண்பனிடம் அழாதே என்று சொல்லிவிடாதே. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். விசுவாசம் போதாததால் சுகம் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்து. துக்க வீட்டில் அதைவிடக் கொடிய பேச்சு இல்லை. அவன் தாத்தா விசுவாசமில்லாமல் இறந்தார், அவர் எங்கே இருப்பார் என்று கேட்டால், தெரியாது என்று சொல். நரகம் உண்டு என்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபை, பரிசுத்தவான்கள் என்று பலரை அறிவித்திருக்கிறது, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. தீர்ப்பு நம் கையில் இல்லை.

வசனங்களைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், மங்கிய வெளிச்சத்திலும் படிக்கலாம். குருவானவர் என்றைக்கு வருகிறார் என்று அவனிடம் கேட்டு எனக்கு எழுது, அந்த நேரத்தில் நானும் ஜெபத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா