இயக்கி நிரல்: நினைவகக் கசிவுக்கு ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸில் சாதனங்களை இயக்கும் இயக்கி (டிரைவர்) நிரலில் நினைவகக் கசிவை, அதாவது எடுத்த நினைவகம் திருப்பித் தரப்படாமல் போவதைச் சரிசெய்வது பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த கட்டுரையை எங்கள் ஊர் மாணவர்களுடன் சேர்ந்து படித்தேன். இயக்குதளத்தின் உள்ளே இறங்கித் தமிழில் எழுதும் துணிவு பாராட்டுக்குரியது. ஆயினும், எடுத்த நினைவகத்தை விடுவிக்க ஒரு வரி சேர்த்தால் போதும் என்ற அதன் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

சாதாரணச் செயலி ஒன்று நினைவகத்தைத் திருப்பித் தர மறந்தாலும், அது மூடப்படும்போது இயக்குதளம் அதை மீட்டுக்கொள்ளும். இயக்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடும் இயக்கி தொலைத்ததோ, பெரும்பாலும் கணினியை மறுபடி தொடங்கும்வரை கிடைக்காது. எங்கள் பகாவ் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் லாரிகளை நிறுக்கும் கணினி, குலைகள் வந்து குவியும் பருவத்தில் ஓய்வின்றி ஓட வேண்டியது. அத்தகைய கணினியில் சிறு கசிவும் நாள்பட நாள்படப் பெருகும். ஆகவே திருத்தம் தேவை என்பதில் ஐயமில்லை. தவறான திருத்தம் கசிவைவிடக் கேடானது என்பதே என் வாதம்.

சாதனத்தைக் கெர்னலில் பதிவுசெய்யும் 'டிவைஸ் ரெஜிஸ்டர்' என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) தோல்வியுற்றால், அந்தச் சாதனத்தின் விவரங்களை நினைவகத்தில் தாங்கும் அமைப்பை, நினைவகத்தை நேரடியாக விடுவிக்கும் 'கேஃப்ரீ' கொண்டு விடுவிக்கலாம் என்கிறது கட்டுரை. ஆனால், அந்தச் செயற்கூறு பிழையைத் திருப்பினாலும் நேரடியாக விடுவிக்கவே கூடாது, அமைப்பின் மீதுள்ள பிடியை விடும் 'புட் டிவைஸ்' வழியாகவே கைவிட வேண்டும் என்ற எச்சரிக்கை கெர்னல் மூலநிரலில் அதன் தலைக்குறிப்பிலேயே இருக்கிறது. அமைப்பை நிரலின் எத்தனை பகுதிகள் பயன்படுத்தப் பிடித்திருக்கின்றன என்று ஓர் எண்ணிக்கை வைக்கப்படுகிறது. அது சுழியத்தைத் தொடும்போதுதான் விடுவிக்கும் செயற்கூறு இயங்க வேண்டும். இடையில் கேஃப்ரீ புகுந்தால், சாதனத்தின் பெயருக்காகத் தனியே ஒதுக்கிய நினைவகம் கசிந்தே கிடக்கும். வேறு பகுதி ஏதேனும் அந்த அமைப்பைப் பிடித்திருந்தால், விடுவிக்கப்பட்ட இடத்தைத் தொட்டுக் கணினியே நிலைகுலையலாம். கசிவைத் தீர்க்க வந்த வரி இவ்வளவையும் செய்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2007-இல் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.21 பதிப்பு முதல், 'டெவ்எம்' என்று தொடங்கும் செயற்கூறுகள் வழியாக எடுத்த நினைவகத்தை, சாதனம் கழலும்போதும் தொடக்கம் தோற்கும்போதும் கெர்னலே விடுவித்துவிடும். அங்கே கேஃப்ரீ சேர்த்தால் ஒரே இடம் இருமுறை விடுவிக்கப்படும். திருத்தத்தில் தெரியும் நாலைந்து வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. மேலே சென்று, அந்த நினைவகத்தை எடுத்தது எந்தச் செயற்கூறு என்று தேடிப் படித்தால்தான் தெரியும். கசிவைக் கண்டறிய 2009 முதல் கெர்னலில் உள்ள 'கேமெம்லீக்' கருவியும், நினைவகத்தை எடுத்த இடத்தைத்தான் காட்டும். திருப்பித் தர வேண்டியவர் யார் என்று சொல்லாது.

கட்டுரையாளர் கேஃப்ரீயை நீக்கிப் புட் டிவைஸை இட்டு, பதிவை வேண்டுமென்றே தோற்கச் செய்து சோதித்து, அதன் விளைவைக் கணினிப் பகுதியிலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன். இங்கே மாணவர்கள் பழைய வடிவத்தையே தங்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பகாவ், நெகிரி செம்பிலான்