உதவி கேட்கும் பதிவில் தேதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு மதுரை வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் வரும் பதிவுகள் பலவற்றில் தேதியே இருப்பதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து குழந்தை பள்ளிக்குப் போன பிறகும் அதே படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மோசடிக்காரர்களுக்கு இதுதான் வசதி. க்யூஆர் கோடை மட்டும் வெட்டிவிட்டுத் தங்களுடையதை ஒட்டிவிடுகிறார்கள். நோயாளியின் படமும் மருத்துவமனைச் சீட்டும் உண்மையானவை என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஸ்கேன் செய்ததும் திரையில் தெரியும் பெயரும் பதிவிலுள்ள கணக்குதாரர் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே யுபிஐ ரகசிய (PIN) எண்ணைப் போடுங்கள்.

பதிவு போடுகிறவர்கள் தேதி, மருத்துவமனை தந்த செலவு மதிப்பீடு, கணக்குதாரர் பெயர், பணம் தேவைப்படும் கடைசி நாள் எல்லாவற்றையும் படத்தின் மேலேயே எழுத வேண்டும். தனியாகத் தட்டச்சு செய்த குறிப்பு, பார்வர்டு ஆகும்போது கழன்றுவிடும். முடிந்தால் பணம் நேரே மருத்துவமனைக் கணக்குக்கே போகட்டும். தொகை சேர்ந்ததும் ‘போதும்’ என்று அதே குழுக்களில் அறிவித்து, பில்லையும் போடுங்கள். ஆதார் படம் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால், ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் காட்டி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அது தெரியாமல் கையேந்தி நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு பதைக்கிறது.

பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். மோசடிக்காரர்கள் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிவிட்டால் அதை முடக்குவது கடினம்.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள் சிலர்,
செல்லூர், மதுரை.