பதிலை முதலில் சொல்லாதே

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லையப்பா, என் ஆன்லைன் கோர்ஸைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நீயும் இணையத்தில் வரலாறு நடத்தப்போகிறேன் என்கிறாய். கரும்பலகை இல்லாமல் உனக்குப் பேச்சு வருமா?

என் முதல் முயற்சியின் லட்சணத்தைக் கேள். வகுப்பில் பேசுவதையே கேமரா முன்னால் பேசி வைத்தேன். ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். யார் எந்த நிமிடத்தில் எழுந்து போனார்கள் என்று தளம் வரைபடம் போட்டுக் காட்டும். பத்து நிமிடத்துக்குள் பாதிப் பேரைக் காணோம். எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட விவரங்களை அலசி, பிலிப் குவோவும் உடன் இருந்தவர்களும் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் கவனம் சரிகிறது என்பது அதன் சாரம். சரி என்று எல்லாவற்றையும் நறுக்கினேன். பார்ப்பவர்கள் கூடினார்கள்.

ஆனால் சிக்கல் நீளத்தில் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நாம் நம்புவதற்கு ஆதரவான சான்றை மட்டும் தேடும் பழக்கத்தைப் பற்றி ஒரு பாடம். அதன் க்விஸில் ஏறக்குறைய எல்லோரும் முழு மதிப்பெண். மறுவாரம் நேரலையில் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனையை நடத்தினேன். '2, 4, 6 என்ற வரிசை என் மனதில் உள்ள விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்ணாகக் கொடுத்துக் கேளுங்கள், பொருந்துகிறதா என்று மட்டும் சொல்வேன். விதியைக் கண்டுபிடியுங்கள்.' ஒருவர் 8, 10, 12 என்றார். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். 100, 102, 104. அதுவும் பொருந்தும். 'இரண்டு இரண்டாகக் கூட வேண்டும், அதுதானே?' இல்லை என்றேன். மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் அதே தடத்தில் போனபின், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் 6, 4, 2 என்று தட்டினார். பொருந்தாது. அடுத்து 1, 7, 50. பொருந்தும். ஏறுவரிசை, அவ்வளவுதான் விதி. வேசனிடமே 29 பேரில் 6 பேர்தான் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார்கள்.

போன வாரம் இலக்கணம் மாறாமல் விளக்கம் எழுதிய அதே ஆட்கள்தான் இவர்கள்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது கேள்விதான் முதலில் வரும். பதிலையும் காரணத்தையும் எழுதி, 'எந்தச் சான்று கிடைத்தால் இதை மாற்றிக்கொள்வீர்கள்?' என்பதற்கும் ஒரு வரி எழுதினால்தான் வீடியோ திறக்கும். தன் பதிலைப் போடும்வரை அடுத்தவர் எழுதியதும் தெரியாது. முன்பெல்லாம் முதல் ஆள் சொன்னதற்குக் கீழே 'அருமை, நானும் அதையே நினைத்தேன்' என்று இருபது பேர் வரிசைகட்டுவார்கள். அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் எழுதுவதையெல்லாம் படித்துப் பதில் சொல்ல என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. 'நேராகப் பதிலைச் சொன்னால் என்ன?' என்று கேட்டு இரண்டு பேர் விலகியும் விட்டார்கள்.

கடைசியில் 'சிந்திக்கும் திறன்' என்று தனி அலகு வைத்திருந்தேன், அதையும் தூக்கிவிட்டேன். சைக்கிள் ஓட்டுவதுபோல ஒரு தடவை கற்றால் எங்கும் கைகொடுக்கும் சங்கதி இல்லை இது, அந்தந்தத் துறையின் அறிவோடு ஒட்டிக்கொண்டிருப்பது என்று உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2007இலேயே எழுதியிருக்கிறார்.

உன்னைப் போன்ற வரலாற்றுக்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு, கோபிக்காதே. ஒரு வலைத்தளம் நம்பத்தக்கதா என்று பார்க்கச் சொல்லி வரலாற்று ஆய்வாளர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரை வைன்பர்க், மெக்ரூ என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்களில் பலர் அதே பக்கத்தை ஊன்றிப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு டேப்களில் தேடினார்கள். உன் முதல் பாடத்துக்கே இது ஆகும்.

வரைவு தயாரானால் அனுப்பு. கேள்வியை மட்டும் அனுப்பு, விளக்கம் வேண்டாம். நான் எழுதி அனுப்பிய பிறகு பார்த்துக்கொள்வோம்.

உன்,
ரகு